கொழுந்துக்கு வீசிய காற்று

நுவரெலியாவில் ஏசி பூட்டுகிறேன் என்றால் கொழும்புக் கூட்டாளிகள் சிரிப்பார்கள். “அங்க என்னத்துக்குடா ஏசி? ஜன்னலத் தொறந்தா சரிதானே” என்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. வருடச் சராசரி 16 பாகை செல்சியஸ் சொச்சத்தில் நிற்கிற ஊர் அது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் குதிரைப் பந்தயத் திடலின் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில்தான், 2016 மார்ச்சில், ஒரு ஹோட்டலின் மொட்டை மாடிக்கு எண்ணூறு கிலோவுக்குக் கிட்ட எடையுள்ள ஏசி இயந்திரம் ஒன்றை ஏற்றினோம்.

முதலாளிக்குத் தேவைப்பட்டது கல்யாண மண்டபம். மூன்றாம் மாடி முழுக்க ஒரே மண்டபம், முந்நூறு பேர் உட்காரலாம். காலை முகூர்த்தம் என்றால் உள்ளே விறைக்கும். பட்டுச் சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பெண்டுகள் மணவறைக்கு முன்னால் உட்காருவார்கள். பதினொரு மணிக்குச் சனம் நிரம்பியதும் கதை மாறிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஒன்று ஏறத்தாழ 100 வாட் சூட்டை வெளியே விடுகிறது. முந்நூறு பேர் என்றால் 30 கிலோவாட். முப்பது இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கி வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி. அதோடு அத்தனை பேரின் மூச்சு ஈரம், சாப்பாட்டு அண்டாக்களின் ஆவி, வீடியோக்காரரின் லைட். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழியும். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி நேரே உள்ளே வந்து முன்வரிசைக் கிழவிகளை இரும வைக்கும்.

ஆகவே அந்த மண்டபத்துக்குக் காலையில் சூடும் மத்தியானம் குளிரும் வேண்டும். அதற்குத் தோதானது ஹீட் பம்ப் உள்ள ரூஃப்டொப் பெக்கேஜ். கொம்பிரஷர், கொயில், பில்டர், ஃபேன் எல்லாம் ஒரே தகரப் பெட்டிக்குள் இருக்கும். மாடியில் வைத்து, தட்டில் துளை போட்டு, டக்ட் வழியாகக் காற்றைக் கீழே இறக்குவது. ஒரு வால்வு திசை மாறினால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். மறுபடி மாறினால் வெளியே இருக்கும் சூட்டை உள்ளே இழுத்து வரும். வெளியே பத்துப் பாகைதான் இருந்தாலும் அந்தக் காற்றிலும் எடுக்கக்கூடிய சூடு இருக்கிறது. இதை முதலாளிக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. கடைசிவரை அவர் நம்பினாரா என்பது வேறு விஷயம்.

இந்தப் பெட்டிகளோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது சார்ஜாவில். தொண்ணூறுகளில் அங்கே பல வருடம் இதே வேலை. வெளியே 45 பாகை, கூரைத் தகரத்தில் உள்ளங்கை வைக்க முடியாது. எல்லாப் பெட்டியிலும் வெளிக்காற்று வரும் வாசலொன்று இருக்கும், டேம்பர் என்போம். அங்கே அந்த டேம்பரை விரல் அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு மற்றதை அடைத்துவிடுவோம். வெளிக்காற்று என்றால் எதிரி. உள்ளே விடும் ஒவ்வொரு கன அடிக்கும் கரண்ட் பில் ஏறும்.

கொழும்பிலிருந்து லொறி ஹட்டன் பாதையில் வந்தது. கினிகத்தேனை வளைவுகளில் பின்னால் வந்த பஸ்காரர்கள் எங்களைத் திட்டாத திட்டு இல்லை. தாழ்ந்து தொங்கிய கேபிள்களைத் தடியால் தூக்கிவிட ஒரு பையனைப் பெட்டிமேல் உட்கார வைத்திருந்தோம். நானுஓயா தாண்டும்போது அவன் குளிரில் நடுங்கிக்கொண்டு, “அண்ணே, நா எறங்கி நடந்தே வாறேன்” என்றான்.

நுவரெலியாவில் மார்ச் மாதத்துக் காலைகள் கண்ணாடி போலத் தெளிவு. மத்தியானம் தாண்டினால் மலையிலிருந்து பனி இறங்கும். அதனால் விடியவே கிரேன் வரச் சொல்லியிருந்தோம். அது வந்தது பதினொன்றுக்கு. பெட்டி தரையை விட்டுக் கிளம்பி இரண்டாம் மாடி உயரத்துக்குப் போனபோது சிங்கிள் ட்ரீ மலைப்பக்கமிருந்து பனி வந்து ஹோட்டலை மூடியது. கிரேன்காரருக்கு மாடி தெரியவில்லை. மாடியில் நின்ற எங்களுக்குக் கிரேனும் தெரியவில்லை, கொக்கியில் பெட்டி இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. சங்கிலி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. கேகாலையிலிருந்து வந்த ரிகர், சிங்களவர், முப்பது வருட அனுபவசாலி, என் தோளைத் தொட்டு “பொட்டக் இன்ன, பாஸ்” என்றார். கொஞ்சம் பொறு என்று. கைத்தொலைபேசியில் கிரேன்காரரை அழைத்து எதையும் அசைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தார். வெற்றிலை மென்று முடிகிற வரைக்கும் எண்ணூறு கிலோ எங்கோ வெள்ளைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு பனி விலகியது. பெட்டி நாங்கள் நினைத்த இடத்துக்கு ஆறடி தள்ளி, கைப்பிடிச் சுவருக்கு மேலே, அசையாமல் நின்றது.

தூக்குவது பார்ப்பவர்களுக்கான வேலை. நிஜமான வேலை அதற்குப் பிறகு. நுவரெலியாவில் கூரையில் துளை போடுவது விளையாட்டல்ல. அங்கே மழை மேலிருந்து மட்டும் விழுவதில்லை, காற்றோடு படுக்கை வசமாகவும் வரும். துளையைச் சுற்றி இரும்புச் சட்டம் எழுப்பி, அதன் நாலு பக்கமும் கொங்கிரீட்டோடு சேரும் மூலைகளில் அலுமினியத் தகடு மடித்து, தாரும் பெல்ட்டும் ஒட்டி, அதன்மேல் ரப்பர் போட்டு, அதன்மேல்தான் பெட்டி. மூலை மடிப்பை வெட்டி ஒட்டக் கூடாது, ஒரே தகட்டில் மடிக்க வேண்டும். வெட்டிய இடத்தில் இந்த வருடம் ஒழுகாவிட்டால் அடுத்த வருடம் ஒழுகும். பெட்டிக்குள் கொயிலில் கட்டும் தண்ணீர் வெளியேறும் குழாயில் யூ வளைவு வைக்க மறந்தால் இன்னொரு கூத்து: ஃபேன் உறிஞ்சுகிற வேகத்தில் அந்தத் தண்ணீர் வெளியே போகாமல் தட்டிலேயே நின்று, நிரம்பி, மணமக்கள் தலையில் அட்சதையோடு சேர்ந்து விழும்.

கரண்ட் கொடுத்த பிறகும் உடனே ஓட்ட முடியாது. கொம்பிரஷரின் அடியில் எண்ணெயைச் சூடாக்க ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. அதை ஒரு நாள் முழுக்க எரியவிட்டு, எண்ணெயில் கரைந்திருக்கும் கேஸை வெளியேற்றிய பிறகுதான் முதல் ஸ்டார்ட். முதலாளி மணிக்கொரு தடவை மாடிக்கு வந்தார். “மீட்டர் சுத்துது, மெசின் சுத்தல்லியே” என்பார். ஏப்ரல் சீசன் அவருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓடவிட்ட அன்று கொழும்பிலிருந்து வந்த இளம் பொறியியலாளருக்கும் எனக்கும் சின்னத் தகராறு. ஃபேன் மோட்டர் இழுக்கும் அம்பியர், கெட்டலொக்கில் போட்டிருந்ததை விட நல்லாக் குறைவு. “பெல்ட் வழுக்குது பாஸ், இறுக்குங்க” என்றார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. “சேர், பெல்ட்டுல ஒண்ணுமில்ல. காத்து லேசு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விஷயம் இதுதான். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். தண்ணீர் கொதிப்பதே 94 பாகையில். ஃபேன் தள்ளும் கன அளவு கொழும்பில் எவ்வளவோ அதேதான்; ஆனால் அந்தக் கன அளவுக்குள் இருக்கும் காற்றின் எடை குறைவு, அதனால் மோட்டருக்குச் சுமையும் குறைவு, அது சுமந்து வரும் சூடும் குறைவு. கெட்டலொக் கடல் மட்டத்துக்கு எழுதப்பட்டது.

அவர் கெட்டிக்காரர். சொன்னவுடன் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். ஃபேனின் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் மோட்டர் சுமை மூன்றாம் அடுக்கில், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடும்; காற்று லேசாக இருப்பதால் அதில் ஐந்திலொன்று கழியும்; மொத்தத்தில் கடல் மட்டத்துக் கணக்குக்குச் சற்று மேலே வந்து நிற்கும். மோட்டர் தாங்கும். மோட்டர் பக்கத்துப் புல்லியை ஒரு அளவு பெரிதாக மாற்றினோம். இழந்ததில் ஏறத்தாழப் பாதி திரும்பி வந்தது. மிச்சத்தை மலைக்கு விட்டுக்கொடுத்தோம்.

காற்று லேசு என்பதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அப்பா சொன்னது. அவர் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலை பார்த்தவர். கீழ்நாட்டு ஸ்டோர் ஒன்றில் வேலை செய்துவிட்டு வந்த ஃபிட்டர் ஒருவர், அங்கே போட்ட அதே சைஸ் ஃபேனை இங்கே போட்டு, வாட்டம் வரவில்லையென்று தலையைச் சொறிந்துகொண்டு நின்ற கதையை அப்பா வீட்டில் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மலைநாட்டில் பெரிய காற்று இயந்திரங்கள் முதலில் வந்தது மனிதருக்காக அல்ல, கொழுந்துக்காக. மடுவத்தில் நிறுத்து ஸ்டோருக்கு வரும் பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ கொழுந்து மேல்மாடியில் வாடி முடியும்போது ஏறத்தாழ ஐம்பது கிலோவாகிவிடும். மற்ற ஐம்பது காற்றோடு போக வேண்டும், அதுவும் ஒரே இரவில், ஆனால் அவசரமில்லாமல். ஆறடி அகலத்தில் நீளநீளமான தொட்டிகள், மேலே கம்பி வலை, வலைமேல் கொழுந்து, தொட்டியின் தலைமாட்டில் ஆளுயர ஃபேன். ஃபேன் அடியிலிருந்து காற்றை ஊதும். கீழே டிரையர் அடுப்பின் சூட்டுக்காற்று ஒரு பெரிய குழாயில் மேலே வரும். அதையும் வெளிக்காற்றையும் எந்த அளவில் கலப்பது என்பதுதான் அப்பாவின் வேலை. முப்பது சொச்சம் பாகைக்கு மேலே போனால் கொழுந்து வேகும், தேயிலை கெட்டுப்போகும்.

தென்மேற்குப் பருவத்தில் கொழுந்து சொட்டச் சொட்ட நனைந்து வரும். அப்போது சூட்டுக் குழாயைத் தாராளமாகத் திறப்பார். தை மாசியில் டிக்கோயா, திம்புளைப் பக்கம் குளிர்ந்த காய்ந்த காற்று வீசும், நல்ல தேயிலை வருகிற காலம் அது. அப்போது சூட்டை அடைத்துவிட்டு மலைக்காற்றை மட்டும் விடுவார். சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு காற்று காய்ந்திருக்கிறது. அப்பாவுக்கு அந்த எண்களை வாசிக்கத் தெரியும். என்றாலும் முடிவெடுப்பது கையால்தான். வாடிய கொழுந்தை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பிடித்துவிட்டு விரிப்பார். உருண்டை அப்படியே இருந்தால் சரி. பொங்கி விரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. காம்பை மடித்துப் பார்ப்பார், ஒடியக் கூடாது. கடைசியாக மோந்து பார்ப்பார். சரியாக வாடிய கொழுந்தில் பச்சை வாடை போய் ஒரு பழ வாசம் வந்திருக்கும்.

இரவு வேலை நாட்களில் அம்மா கட்டித் தரும் ரொட்டியோடு நான் ஸ்டோருக்குப் போவேன். கொடுத்துவிட்டு உடனே திரும்பமாட்டேன். தொட்டியின் ஓரம் வரும் சூட்டுக்காற்றில் முதுகைக் காட்டி நிற்பேன். டீமேக்கர் ஐயா வரும் சத்தம் கேட்டால் அப்பா கண்ணைக் காட்டுவார், ஓடிவிடுவேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பராவுக்கு இருந்தது ஒரு கதவும், மூடினால் இருட்டாகிவிடும் ஒரு சின்ன ஜன்னலும். அடுப்புப் புகை போக வழியில்லை. கதவைத் திறந்தால் குளிர், மூடினால் புகை. கொழுந்துக்கு எந்த நேரம் எந்தக் காற்று என்று பார்க்க ஒரு ஆள், இரண்டு வெப்பமானி, விடிய விடிய எரியும் விறகு. கொழுந்தைப் பறித்துத் தந்த அம்மாவுக்கு ஈரச் சாக்கு. இதில் நான் இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, லயத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. காற்றோடு பிழைக்கிறவன் என்பதால் எனக்கு அது அடிக்கடி ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

ஏசி என்பதே அப்படித்தான் தொடங்கியது. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயோர்க்கின் புரூக்ளினில் முதல் இயந்திரத்தை வடிவமைத்தது ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் போனதுதான் அங்கே பிரச்சினை. ஆட்களுக்கு வேர்த்தது அல்ல.

இன்னொன்று, இதைக் கேட்டால் என் தொழில்காரர்களே நம்புவதில்லை. எங்கள் ஸ்டோரின் டிரையரில் ‘சிரோக்கோ’, ‘பெல்ஃபாஸ்ட்’ என்று வார்ப்பிரும்பில் எழுத்துகள் புடைத்து நிற்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய காலத்தில் அதைத் தடவித் தடவி வாசித்திருக்கிறேன். சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்துக்காரர் 1864இல் அஸ்ஸாம் பக்கத்துக் கச்சார் மாவட்டத்துக்குத் தேயிலை பயிரிட வந்தவர். கரியடுப்பில் தேயிலை காய வைப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் சூட்டுக்காற்று டிரையரை உண்டாக்கினார். 1881இல் பெல்ஃபாஸ்டில் தொழிற்சாலை போட்டார். டிரையருக்கு நல்ல ஃபேன் தேவைப்பட்டபோது, உருளையைச் சுற்றி முன்பக்கமாக வளைந்த சின்னச் சின்னத் தகடுகள் வைத்த ஒரு ஃபேனை 1890களின் இறுதியில் உருவாக்கினார். டைட்டானிக் கப்பலிலும் அவருடைய ஃபேன்கள்தான் ஓடின. நாங்கள் அந்த ஹோட்டல் மாடியில் ஏற்றிய பெட்டிக்குள் இருந்ததும் அதே வகை ஃபேன். சார்ஜாவில் பெட்டியைத் திறந்து முதன்முதல் பார்த்தபோது, எங்கேயோ பார்த்த பொருளென்று தோன்றியது சும்மா இல்லை.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய ஸ்டோரைப் போய்ப் பார்த்தவர்களுக்கு, மலைநாட்டில் காற்று முதலில் கொழுந்துக்குத்தான் என்பது சட்டென்று விளங்கும். 2,000 மீட்டருக்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில் கைவிடப்பட்டுக் கிடந்த கட்டடம் அது. எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் அதன் உருவம் கெடாமல் ஹோட்டலாக்கி 1996இல் திறந்தது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது படுக்கையறைகள். ஸ்டோர் மாடிகளுக்கு ஏன் அத்தனை ஜன்னல்கள் என்று வெளிநாட்டவர் கேட்பதுண்டாம். கொழுந்து சுவாசிக்கத்தான்.

எங்கள் பெட்டியின் முதல் குளிர்காலம் கொஞ்சம் கலவரமாகப் போனது. ஜனவரியில் ஒரு விடியற்காலை நாலு மணிக்குக் காவல்காரர் என்னைத் தொலைபேசியில் எழுப்பினார். “அண்ணே, மாடியில நெருப்பு! பொகையாக் கெளம்புது!” சத்தம் எப்படி என்று கேட்டேன். ‘உஸ்’ என்று பாம்பு சீறுவது போல இருக்கிறதாம். மணம்? மணம் ஒன்றுமில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பாருங்கள் என்றேன். வெளியே உறைபனி விழும் இரவுகளில் ஹீட் பம்பின் வெளிக்கொயில் சுழியத்துக்குக் கீழே போய் அதன்மேல் பனி கட்டும். அதைக் கரைக்க இயந்திரம் தானே வால்வைத் திருப்பி, சில நிமிடம் உள்ளேயுள்ள சூட்டை வெளியே அனுப்பும். உறைந்த பனி உருகி ஆவியாக எழும்பும். இருட்டில் பார்க்கிறவனுக்கு அது புகைதான். ஐந்து நிமிடம் கழித்து அவரே எடுத்து, “நின்னுருச்சு” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அந்த வருடம் அப்பாவை ஒரு கல்யாணத்துக்கு அங்கே கூட்டிப்போனேன். எண்பதை நெருங்கியிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மண்டபத்தின் நடுவில் டக்ட் வாய்க்குக் கீழே போய் நின்று, புறங்கையை உயர்த்திப் பிடித்தார். கல்யாண வீட்டார் என்னவோ ஏதோவென்று பார்த்தார்கள். “ஈரக் காத்தா இருக்குதுடா. வெளிய வெயிலு அடிக்கிது, காஞ்ச காத்து வீசுது. இந்தச் சனத்தோட மூச்சையே ஏன் திருப்பித் திருப்பி ஊதுற?” என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அப்போது கொம்பிரஷர் இரண்டும் ஓடி, உள்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்ப்பித்துக்கொண்டிருந்தன. வெளியே 18 பாகையில் சும்மா கிடைக்கிறது மலைக்காற்று. பெட்டியில் அதற்கான தானியங்கி டேம்பர் இருந்தது. ஆனால் வந்த நாளிலிருந்து அது கம்பெனி வைத்து அனுப்பிய அளவில், சூட்டு நாடுகளுக்குரிய மாதிரி, கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. மறுநாள் அதன் செட்டிங்கை மாற்றினோம். வெளிக்காற்று உள்காற்றை விடக் குளிர்ந்தும் காய்ந்தும் இருந்தால் வாசல் முழுக்கத் திறக்கட்டும், கொம்பிரஷர் தூங்கட்டும். மண்டபம் நிறைந்த நாட்களில்கூட மத்தியானம் ஃபேன் மட்டும் ஓடினால் போதும் என்றானது. மழைக்காலத்தில் மட்டும் கதை வேறு. அப்போது வெளிக்காற்றே நனைந்த துணி. முதலாளிக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அடுத்த மாதக் கரண்ட் பில்லே சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் அவர் என்னை ‘பாஸ்’ என்பதை விட்டு ‘அண்ணன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

2022இல் பொருளாதார நெருக்கடியில் நாடு இருண்டபோது அந்த டேம்பர் இன்னொரு வகையில் உதவியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு. டீசலுக்குக் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. ஹோட்டலின் பெரிய ஜெனரேட்டரை ஓட்டக் கட்டுப்படியாகவில்லை. ஆனாலும் முகூர்த்தம் பார்த்த கல்யாணங்களை யார் தள்ளிப்போடுவது? ஃபேன் மோட்டரை மட்டும் ஒரு சின்ன ஜெனரேட்டரில் பிரித்துக் கொடுத்தோம். சிக்கல் என்னவென்றால், கரண்ட் போனதும் டேம்பர் ஸ்ப்ரிங்கால் தானே மூடிக்கொள்ளும், அதுதான் அதன் பாதுகாப்பு. டேம்பரை இயக்கும் போர்டும் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் போய்விட்டது. புதிய போர்டுக்கு டொலர் வேண்டும், அந்த மாதங்களில் டொலர் யாரிடம் இருந்தது? டேம்பரின் மோட்டரைக் கழற்றிவிட்டு, அதன் தண்டில் அரை அங்குல இரும்புக் கம்பியை வளைத்துக் கைப்பிடியாகப் பற்றவைத்தேன். பக்கத்துத் தகட்டில் மூன்று இடத்தில் துளை, ஆணி போட்டு நிறுத்திக்கொள்ள. ஹோட்டல் பையன்களுக்கு விளங்கட்டுமென்று பெயின்டால் எழுதினேன்: மழை, வெயில், கல்யாணம்.

போர்டு பிறகு வந்துவிட்டது. பெட்டியோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள், மாட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை. போன தடவை சர்வீஸுக்குப் போனபோது பையன்கள் நாலாவதாக ஒரு துளை போட்டு, தங்கள் கையெழுத்தில் ‘முதலாளி’ என்று எழுதியிருந்தார்கள். அது ஏறத்தாழ முழுசாக மூடிய நிலை. அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம்.